ஸ்டார்வ்டு ராக்: மழையைப் பார்த்துக் கிளம்புங்கள்

இல்லினாய் மாநிலம் என்றால் சோளக்காடும் சமதரையும்தான். சிகாகோவிலிருந்து தென்மேற்கே ஒன்றரை மணி நேரம் காரோட்டினாலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு மேடு வராது. யூட்டிகா என்ற சின்ன ஊரைத் தாண்டி இல்லினாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் காட்சி மாறிவிடும். ஆற்றின் தென்கரை நெடுக மணற்பாறைச் சுவர், அந்தச் சுவரைக் கிழித்துக்கொண்டு ஆற்றில் வந்து சேரும் 18 கேன்யன்கள். இதுதான் ஸ்டார்வ்டு ராக் மாநிலப் பூங்கா. 1911இல் மாநில அரசு வாங்கிய இடம். பக்கத்திலேயே மத்தீசன் மாநிலப் பூங்கா. இரண்டையும் சேர்த்து ஒரு வார இறுதிக்குத் திட்டம் போடலாம்.

கிராண்ட் கேன்யனை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே உள்ளவை குறுகலான, பாசி படர்ந்த இடுக்குகள். மேலே நின்று எட்டிப் பார்ப்பதைவிட, அடியில் நடந்து போய், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த ஒரு வட்டத்துக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதில்தான் சுகம். மழை பெய்திருந்தால் அந்த வட்டத்தின் விளிம்பிலிருந்து அருவி கொட்டும். பெய்யாவிட்டால் ஈரக் கறை மட்டும் இருக்கும். முதல் முறை வருபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நாள் குறிப்பதற்கு முன்

இந்த அருவிகளுக்குப் பின்னால் பெரிய ஏரியோ மலையோ கிடையாது. மேலே இருக்கும் காட்டிலும் வயல்களிலும் விழுந்த மழை சின்னச் சின்ன ஓடையாக வந்து விளிம்பில் குதிக்கிறது, அவ்வளவுதான். மழை நின்ற மறுநாள் நல்ல வேகம் இருக்கும். மூன்றாம் நாள் நூலாக மெலியும். ஒரு வாரம் வெயில் அடித்தால் சொட்டுக்கூட மிஞ்சாத கேன்யன்கள் உண்டு. ஆகவே சிகாகோவில் மழை பெய்ததா என்று பார்ப்பதில் பயனில்லை. பூங்காவைச் சுற்றியிருக்கும் ஒட்டாவா, லாசால், பெரு ஆகிய ஊர்களில் கடந்த 48 மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்று வானிலைச் செயலியில் பாருங்கள். ஒரு அங்குலம் பெய்திருந்தால் யோசிக்காமல் கிளம்பலாம்.

பனி உருகும் மார்ச் கடைசியிலிருந்து மே மாதம் வரை அருவிக்கு உத்தரவாதம் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்று குடும்பத்தோடு வந்து, காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுக் கொசுக்கடியோடு திரும்புபவர்கள்தான் ஏராளம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது அழகு. ஆனால் அருவியும் குறைவு, கூட்டமும் உச்சம். எந்த மாதத்தில் போனாலும் கொஞ்சமாவது தண்ணீர் பார்க்க வேண்டும் என்றால் செயின்ட் லூயிஸ் கேன்யனுக்குப் போங்கள். ஊற்று நீரும் சேர்வதால் அது மற்றவை போல எளிதில் வற்றுவதில்லை.

நவம்பர், டிசம்பரில் மான் வேட்டைக்கு அனுமதி தரும் சில நாட்களில் பூங்காவின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால், மாநில இயற்கை வளத் துறையின் இணையப் பக்கத்தில் தேதியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பாலமோ படிக்கட்டோ பழுதாகி எந்த ட்ரெயில் (நடைபாதை) அடைத்திருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். டோன்டி கேன்யன் அடிக்கடி அந்தப் பட்டியலில் இருக்கும்.

எந்தக் கேன்யன் என்பதைவிட எந்த பார்க்கிங்

பூங்கா ஆற்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிறது. விசிட்டர் சென்டரிலிருந்து கிழக்குக் கோடிக்கு நடந்தால் போக மட்டும் ஐந்து மைலுக்குக் கிட்ட ஆகும், திரும்பவும் வர வேண்டும். ட்ரெயில்களின் மொத்த நீளம் 13 மைல். ஒரே இடத்தில் காரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் பிள்ளைகள் பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். பார்க்கிங்கை முதலில் முடிவு செய்யுங்கள். கேன்யன் தானாக அமையும்.

விசிட்டர் சென்டர் பார்க்கிங் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஸ்டார்வ்டு ராக் பாறை 0.3 மைல், பிரெஞ்ச் கேன்யன் 0.4 மைல், வைல்ட்கேட் சுமார் ஒரு மைல், லாசால் சுமார் இரண்டு மைல். கழிப்பறை, குடிநீர், வரைபடம் எல்லாம் இங்கே கிடைக்கும். கூட்டமும் இங்கேதான்.

செயின்ட் லூயிஸ் கேன்யனுக்கு 178ஆம் நெடுஞ்சாலையோரம் தனி பார்க்கிங் உண்டு. அங்கிருந்து அரை மைல் நடந்தால் போதும். விசிட்டர் சென்டரிலிருந்து போனால் ஒன்றரை மைல்.

71ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இன்னும் சில பார்க்கிங்குகள். பார்க்மன்ஸ் ப்ளைன் என்ற இடத்தில் நிறுத்தினால் நடுப்பகுதி கேன்யன்களுக்கு மேலிருந்து இறங்கலாம். அதற்கும் கிழக்கே ஒட்டாவா கேன்யன், கஸ்காஸ்கியா கேன்யன், கவுன்சில் ஓவர்ஹேங் மூன்றுக்கும் ஒரே பார்க்கிங். கடைசியில் இல்லினாய் கேன்யனின் பார்க்கிங்.

மே முதல் அக்டோபர் வரை சனி, ஞாயிறுகளில் காலை பத்து, பதினொரு மணிக்குள் விசிட்டர் சென்டர் பக்கம் நிரம்பிவிடும். நிரம்பியதும் வாயிலை அடைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். சாலையோரப் புல்லில் நிறுத்தினால் அபராதச் சீட்டு, சில சமயம் காரையே இழுத்துப் போய்விடுவார்கள். எட்டு மணிக்கு அங்கே இருப்பதுபோல வீட்டை விட்டுக் கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் அங்கே வரிசையில் நின்று பெட்ரோலை எரிக்காமல் நேரே கிழக்கு பார்க்கிங்குக்கோ மத்தீசனுக்கோ வண்டியைத் திருப்புங்கள். முடிந்தால் வார நாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதுதான் உத்தமம். அதே இடம் வேறு இடம் போலத் தெரியும்.

வழி

மேற்குப் பக்கத்துக்கு ஐ-80இல் 81ஆம் எக்ஸிட். அங்கிருந்து 178ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே யூட்டிகா வழியாகச் சுமார் மூன்று மைல். கிழக்குப் பக்கத்துக்கு 90ஆம் எக்ஸிட்டில் இறங்கி, 23ஆம் நெடுஞ்சாலையில் ஒட்டாவா ஊருக்குள் போய், ஆற்றைக் கடந்து, 71ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். ஜிபிஎஸ்ஸில் பூங்காவின் பெயரை மட்டும் போட்டால் அது உங்களை நெரிசல் மிகுந்த விசிட்டர் சென்டர் வாயிலில்தான் கொண்டுபோய் விடும். பார்க்கிங்கின் பெயரைப் போடுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே ஃபோனில் இறக்கிவையுங்கள். கேன்யனுக்குள் சிக்னல் இருக்காது.

காலிலும் பையிலும்

காலில் பற்றுள்ள ரப்பர் அடி கொண்ட ஷூ. ஹவாய் செருப்பும் வழவழப்பான ஸ்னீக்கரும் இங்கே செல்லாது. லாசால் பக்கத்துச் சேறு செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுக் காலுறையும் ஒரு பிளாஸ்டிக் பையும் காரில் இருக்கட்டும், திரும்பும்போது சேற்று ஷூவை அதில் போட்டுவிடலாம். தண்ணீர் ஆளுக்குக் குறைந்தது ஒரு லிட்டர், வெயில் காலத்தில் ஒன்றரை. நடுவழியில் குழாய் எதுவும் வராது. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது, அது வயல்வெளி வழியாக வரும் தண்ணீர்.

கைக்குழந்தை இருந்தால் ஸ்ட்ரோலரைக் காரிலேயே விட்டுவிட்டு முதுகில் கட்டும் கேரியரை எடுங்கள். பெரும்பாலான ட்ரெயில்களில் மரப் படிகள் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இறங்குகிற ஒவ்வொரு படியும் ஏறி வர வேண்டிய படி. அவர்களுக்கு மேட்டின் மேல் இருக்கும் லாட்ஜ் நல்ல இடம். 1930களின் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் இளைஞர் படையை வைத்துக் கட்டிய மரக்கட்டிடம், நடுவில் பெரிய கணப்பு. சாப்பாடும் கிடைக்கும்.

கட்டுச்சோறு கொண்டு வருபவர்கள் புளியோதரையோ சப்பாத்திச் சுருளோ கொண்டுவருவது நல்லது. தயிர் சாதத்தை ஜூலை வெயிலில் காரில் விட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும், ஐஸ் பெட்டி வேண்டும். விசிட்டர் சென்டர் அருகே மேசைகள் போட்ட புல்வெளி இருக்கிறது. மிச்சத்தை மூடி வையுங்கள், அணிலும் ராக்கூனும் அங்கே சும்மா திரியவில்லை.

முதல் நாள் காலை: மேற்குப் பக்கம்

ட்ரெயிலில் கால் வைக்கும் முன் ஒரு குறியீட்டை மனதில் வையுங்கள். மரத்திலோ கம்பத்திலோ மஞ்சள் புள்ளி தெரிந்தால் விசிட்டர் சென்டரை விட்டு விலகிப் போகிறீர்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் திரும்பி வருகிறீர்கள். ஆற்றோர ட்ரெயிலுக்குச் சிவப்பு, மேட்டு ட்ரெயிலுக்குப் பழுப்பு. இந்த நான்கு நிறமும் தெரிந்திருந்தால் வழி தவறுவது கஷ்டம்.

1. முதலில் பிரெஞ்ச் கேன்யன். எல்லோரும் வருவதற்குள் பார்த்துவிட வேண்டிய இடம் இது, ஏனென்றால் கடைசிப் பகுதியில் பாதை என்று எதுவும் இல்லை. ஓடை வரும் குறுகலான சரிவில், பாறையில் செதுக்கிய குழிகளில் கால் வைத்து ஏற வேண்டும். நாள் முழுக்க ஆயிரம் ஷூக்கள் மிதித்த ஈரப்பாறை சோப்புக்கட்டி போலாகிவிடும். ஏறுவது எளிது, இறங்கும்போதுதான் வழுக்கும். இறங்குகையில் பாறையைப் பார்த்தபடி திரும்பி, ஏணியில் இறங்குவதுபோலக் கையும் காலுமாக இறங்குங்கள். தண்ணீர் வேகமாக ஓடும் நாளில் ஏறாமல் கீழிருந்தே பார்த்துவிட்டு வந்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. அடுத்து ஸ்டார்வ்டு ராக் பாறை. 125 அடி உயரம், மேலே வரை படிக்கட்டும் மரத்தளமும் உண்டு. பிரெஞ்சு நாடுகாண் பயணி லாசாலின் ஆட்கள் 1682, 83இல் செயின்ட் லூயிஸ் கோட்டையைக் கட்டியது இந்த உச்சியில்தான். ஸ்டார்வ்டு ராக், அதாவது பட்டினிப் பாறை என்ற பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை அதற்குப் பிந்தியது. 1769இல் ஒட்டாவா இனத் தலைவர் பாண்டியாக்கை இல்லினாய்ப் பழங்குடி ஒருவர் கொன்றதாகவும், பழிவாங்க வந்தவர்கள் இந்தப் பாறையைச் சுற்றி வளைத்து மேலே இருந்த இல்லினாய் மக்களைப் பட்டினி போட்டே சாகடித்ததாகவும் சொல்வார்கள். வழிவழியாகச் சொல்லி வந்த கதை, எழுத்துச் சான்று கம்மி. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

3. பாறையிலிருந்து இறங்கி, மேட்டு ட்ரெயிலில் கிழக்கே. லவர்ஸ் லீப், ஈகிள் க்ளிஃப் என்று இரண்டு மரத்தளங்கள் வரும். கீழே அணை, நடுவில் பிளம் தீவு. மூச்சு வாங்க இங்கே நில்லுங்கள்.

4. வைல்ட்கேட் கேன்யன். சுமார் 80 அடி உயரச் சுவர், பூங்காவின் உயரமான அருவி. மேலிருந்து ஒரு முறை, ஆற்றோர ட்ரெயிலுக்கு இறங்கி அடியிலிருந்து ஒரு முறை, இரண்டு விதமாகவும் பாருங்கள். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் அடியிலிருந்து.

5. தெம்பு இருந்தால் லாசால் கேன்யன். போக வர நான்கு மைல் கணக்கு. இங்கே பாறை குடை போல வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அருவிக்குப் பின்னால் நடந்து போகலாம். தண்ணீர்த் திரைக்கு உள்ளிருந்து பார்க்கிற இந்த ஒரு காட்சிக்காகவே பலர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஃபோனை ஜிப் பையில் போட்டுவிடுங்கள். ஆற்றோரப் பாதை தாழ்வானது. வசந்த காலத்தில் இல்லினாய் ஆறு பெருகினால் பாதையே தண்ணீருக்குள் போய்விடும். அப்படி நனைந்து கிடந்தால் மேட்டு ட்ரெயிலைப் பிடியுங்கள்.

நிதானமாக நடந்தால் இதற்கெல்லாம் நான்கு மணி நேரம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மூன்றாவதோடு திரும்பிவிடுவது புத்திசாலித்தனம்.

விளிம்பு ஏன் ஆபத்து

இந்தப் பாறைக்கு செயின்ட் பீட்டர் மணற்கல் என்று பெயர். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஆழமற்ற கடலின் மணல், ஏறக்குறைய முழுக்க முழுக்கக் குவார்ட்ஸ். கட்டிட இன்ஜினியர்களுக்கு ஒரு தகவல்: சிமென்ட்டின் வலுவைச் சோதிக்க இந்தியாவில் எண்ணூர் மணலைத் தர மணலாக வைத்திருப்பதுபோல, அமெரிக்காவில் வைத்திருப்பது ஒட்டாவா மணல். அந்த ஒட்டாவா, நீங்கள் கிழக்கு பார்க்கிங்குக்குப் போகிற வழியில் கடக்கும் ஊர்தான். அங்கே சுரங்கத்தில் வெட்டுவதும் இதே பாறையைத்தான்.

மணலாக விற்கும் அளவுக்கு உதிர்கிற பாறை என்றால் அதன் விளிம்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மணிகள் உருண்டையானவை, அவற்றைப் பிணைக்கும் சாந்து மிகக் குறைவு. சில இடங்களில் விரலால் தேய்த்தாலே சர்க்கரை போல உதிரும். கீழே ஓடை அரிப்பதால், மேலே கெட்டியாகத் தெரியும் தரைக்கு அடியில் வெறும் காற்று இருக்கலாம். அதன் மேல் இலைச் சருகு மூடிவிட்டால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. மழைக்குப் பின் மரத்தளத்தைவிட்டு இறங்கி, செல்ஃபிக்காக இரண்டடி முன்னால் போகிறவர்கள்தான் விழுகிறார்கள். 60, 70 அடி விழுந்தால் பிழைப்பது அபூர்வம்.

ஆகவே மரவேலி இருக்கிற இடத்தில் வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். பிள்ளைகள் மேட்டு ட்ரெயிலில் ஓடக் கூடாது, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டம் எல்லாம் கேன்யன் அடியில். சுவரில் ஏறுவதும் பெயர் செதுக்குவதும் கூடாது. சாவியால் கீறிய ஒரு எழுத்து அங்கே தலைமுறை தாண்டியும் நிற்கிறது, அடுத்தவரையும் செதுக்கத் தூண்டுகிறது.

இடி மின்னலோடு மழை வருவது தெரிந்தால் கேன்யனை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சின்ன ஓடை கால் மணி நேரத்தில் முழங்கால் ஆழமாகும், மேலிருந்து மரக்கிளையும் கல்லும் சேர்ந்து விழும். யாருக்காவது அடிபட்டால் 911ஐ அழைத்து, கேன்யனின் பெயரையும் அடியில் இருக்கிறீர்களா மேட்டிலா என்பதையும் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒருவர் அடிபட்டவரோடு இருக்க, இன்னொருவர் மேட்டுக்கு ஏறிப் பேச வேண்டும்.

மத்தீசன்

178ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சில மைல். ஸ்டார்வ்டு ராக்கில் இடம் கிடைக்காதவர்களின் மாற்று ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால், பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்கு இதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். பக்கத்து லாசாலில் துத்தநாக ஆலை நடத்திய மத்தீசன் என்ற செல்வந்தரின் சொந்தத் தோட்டமாக இருந்தது, அப்போது பெயர் டீர் பார்க்.

டெல்ஸ் பகுதி வாயிலில் நுழையுங்கள். பார்க்கிங் பக்கத்தில் மரக்கோட்டை மாதிரி ஒன்று இருக்கும், அங்கிருந்து நீளமான படிக்கட்டில் இறங்கினால் கேன்யன். சுமார் ஒரு மைல் நீளம், மேல் டெல்ஸ், கீழ் டெல்ஸ் என்று இரண்டு அடுக்கு. இரண்டுக்கும் நடுவே 45 அடி கேஸ்கேட் அருவி. இங்கே கேன்யனின் தரைதான் நடைபாதை. ஓடைக்குள் கல் விட்டுக் கல் தாண்டிப் போகிற இடங்கள் வரும், ஒரு கால் நனையும் என்று முடிவு செய்துகொண்டே இறங்குங்கள். நனையாமல் இருக்க ஈரச் சுவரைப் பிடித்துச் சாய்ந்து போனவர்கள் மொத்தமாக உட்கார்ந்து எழுவதைப் பார்க்கலாம். முதலில் மேல் டெல்ஸைப் பாருங்கள், கூட்டமும் நேரமும் பார்த்துக் கீழே போகலாம். ஸ்டார்வ்டு ராக்கைவிட நடை குறைவு, இரண்டு மணி நேரம் தாராளம்.

கிழக்குப் பக்கம்

இரண்டாம் நாள் இருந்தால் ஒட்டாவா வழியாக வாருங்கள். கவுன்சில் ஓவர்ஹேங் என்பது மண்டபம் போலக் குடைந்த பெரிய பாறைக் கவிகை. அதைத் தாண்டினால் ஒருபுறம் ஒட்டாவா கேன்யன், மறுபுறம் கஸ்காஸ்கியா. மூன்றும் சேர்த்து இரண்டு மைலுக்குள் முடிந்துவிடும், ஏற்றமும் குறைவு. இல்லினாய் கேன்யன் நீளமானது, ஓடையைக் குறுக்கே கடக்க வேண்டும். தண்ணீர் கூடிய நாளில் திரும்பிவிடுங்கள், குறைந்த நாளில் உங்களையும் பறவைகளையும் தவிர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆறு

கேன்யனைப் பார்த்துவிட்டு ஆற்றைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள் அதிகம். மிச்சிகன் ஏரியையும் மிசிசிப்பி ஆற்றையும் இணைக்கிற சரக்குப் பாதை இது. ஸ்டார்வ்டு ராக் அணையும், நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் லாக் என்கிற நீர்ப்பூட்டும் 1933இல் வேலைக்கு வந்தன. வடகரையில், டீ பென்னட் சாலையில், ராணுவப் பொறியாளர் படையின் பார்வையாளர் மையம் இருக்கிறது. திறந்திருக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால், படகு ஏறி இறங்குவதைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். நீர்ப்பூட்டின் நீளம் 600 அடி, அகலம் 110 அடி. மூன்றுக்கு ஐந்தாகக் கட்டிய 15 பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) வரிசை, தள்ளும் படகோடு சேர்த்து ஆயிரம் அடியைத் தாண்டும். எனவே வரிசையை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் இறக்கி, பின்பாதியை அடுத்து இறக்கி, வெளியே மறுபடி கம்பிவடம் போட்டுக் கட்டுவார்கள். பொறுமை இருந்தால் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பௌதிகப் பாடம் கிடைக்காது.

பூங்காவில் நீந்தவும் தண்ணீரில் இறங்கி நடக்கவும் தடை. ஆற்றுக்கு இது மிகவும் பொருந்தும். அணைக்குக் கீழே விழும் நீர் மேற்பரப்பில் திரும்பி அணையை நோக்கியே சுழலும். அதற்குள் சிக்கிய ஆளையும் படகையும் அது உருட்டிக்கொண்டே இருக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியேற விடாது. சொந்தக் கயாக் கொண்டு வருபவர்கள் மிதவைகளும் எச்சரிக்கைப் பலகைகளும் காட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது. பார்ஜ் வரிசைக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். மாலுமிக்கு முன்னால் பல நூறு அடி கண்ணுக்கே தெரியாது, தெரிந்தாலும் உடனே நிறுத்த முடியாது. கயாக்கில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போட்டே இருக்க வேண்டும், இது மாநிலச் சட்டம். புதியவர்களுக்கு லாட்ஜ் பக்கத்திலிருந்து வெயில் காலத்தில் போகும் சுற்றுலாப் படகு போதும்.

மத்தீசனை ஒட்டி ஓடும் வெர்மிலியன் ஆறு வேறு ரகம். பாறையும் சுழிப்பும் உள்ள ஆறு, ராஃப்டிங் நடக்கிறது. ஹெல்மெட்டும் வழிகாட்டியும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

தண்ணீரில் ஆபத்தில்லாத பயணம் வேண்டுமென்றால் லாசால் ஊருக்குப் போங்கள். 1848இல் திறந்த 96 மைல் இல்லினாய்-மிச்சிகன் கால்வாய் முடிகிற ஊர் அது. பழைய கால்வாய்ப் படகைப் போலவே செய்த ஒன்றைக் கோவேறு கழுதை கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப் போகும் சவாரி அங்கே நடந்து வந்தது, இப்போது நடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் கிடையாது.

திரும்பும் முன்

பொழுது சாயும் முன் ட்ரெயிலை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கேன்யனுக்குள் ஊருக்கு முன்பே இருட்டிவிடும். காரில் ஏறும் முன் முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பிள்ளைகளைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். மூன்று இலையாகக் கொத்துவிடும் பாய்சன் ஐவியில் உரசியிருந்தால், அதன் பிசின் தோலில் ஊறுவதற்குள் சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். ஷூ நாடாவையும் சேர்த்து. நாடாவில் ஒட்டிய பிசின் மறுநாள் கைக்கு வரும்.

ஜனவரியில் வருபவர்களுக்கு

குளிர்காலத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நல்ல குளிர் ஒரு வாரம் நீடித்தால் அருவிகள் விழுந்த நிலையிலேயே உறைந்து, வெளிர் நீலத் தூணாக நிற்கும். லாசால், வைல்ட்கேட், செயின்ட் லூயிஸ் மூன்றும் அப்போது பார்க்க வேண்டியவை. படிகள் பனி இறுகிக் கண்ணாடி போல இருக்கும், ஷூ மேல் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஆளுக்கொன்று இல்லாமல் இறங்கக் கூடாது. உறைந்த அருவிக்கு நேர் அடியிலும் நிற்காதீர்கள், மதிய வெயிலில் மேலிருந்து கத்தி கத்தியாக ஐஸ் உடைந்து விழும்.

அதே மாதங்களில் வெண்தலைக் கழுகுகள் இங்கே கூடுகின்றன. மற்ற இடங்களில் ஆறு உறைந்தாலும் அணைக்குக் கீழே கலங்கி ஓடும் தண்ணீர் உறைவதில்லை. அணையில் விழுந்து மயங்கிய மீன் மிதந்து வரும், கழுகுக்கு வேறென்ன வேண்டும். பிளம் தீவின் மொட்டை மரங்களில் அவை உட்கார்ந்திருப்பதை டீ பென்னட் சாலை மையத்திலிருந்தோ லவர்ஸ் லீப்பிலிருந்தோ பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் வந்தால் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். பைனாகுலரும் கையுறையும் கட்டாயம். கழுகு பாய்வதற்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும்.